மூலை மடித்த பக்கங்கள்

தாராள மனம் கொண்ட ஒருவர் சிறு நகரத்தில் கடை நடத்தி, முதலையும் இழக்காமல் குடும்பத்தையும் காப்பாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும் என்பதை விருதுநகரில் பலசரக்குக் கடை வைத்திருந்த என் அப்பாவிடம் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தத் தாராளத்துக்கு வீட்டில் இருந்தவர்களும் ஒரு பங்கு கொடுத்தோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1923-இல் பெயர் மாறும் வரை விருதுபட்டி என்று வழங்கிய எங்கள் ஊரை, எதுவும் விளையாத ஊர், எல்லாவற்றுக்கும் விலை சொல்லும் ஊர் என்பார்கள். பருப்பும் வற்றலும் மல்லியும் எண்ணெயும் எங்கிருந்தோ வந்து இறங்கி, இங்கே விலை பேசப்பட்டு வெளியூர் போகும். அந்த வியாபாரத்தோடு மகமை என்ற வழக்கமும் உண்டு: விற்ற சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தாங்களே எடுத்து வைத்துப் பொதுக் காரியங்களுக்குக் கொடுப்பது. 1889-இல் தொடங்கப்பட்டு, பின்னாளில் காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை, இந்த மகமைப் பணத்திலும், வீடுகளில் உலை வைக்கும்போது ஒதுக்கிய பிடி அரிசியிலும் வளர்ந்த பள்ளி. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த அப்பாவுக்கு, கொடுப்பது என்பது கடை வாடகை, இறக்குகூலி போல எழுதி வைக்க வேண்டிய இன்னொரு செலவு.

இதை வைத்து அவரை எந்நேரமும் சிரித்த முகத்தோடு இருந்தவராக எண்ணிவிட வேண்டாம். மூட்டை பிரித்த சணலை வெட்டி எறியும் கடைப் பையன்கள் அவரிடம் வாங்கிய திட்டுகளை நான் இங்கே எழுத முடியாது. குத்தூசியால் சாக்கிலிருந்து துவரம் பருப்பை உருவி, உள்ளங்கையில் பரப்பி ஊதி, ஒன்றைப் பல்லில் கடித்து, "ஈரம் இருக்கு" என்று சொல்லிவிட்டாரென்றால், தரகர் அதன் பிறகு எவ்வளவு பேசினாலும் பயனில்லை.

1986-ஆம் ஆண்டு மார்கழியில், எனக்குப் பதினான்கு வயது இருந்தபோது, கடன் நோட்டுக் கணக்கைப் பேரேட்டில் ஏற்றும் வேலையை என்னிடம் கொடுத்தார். நோட்டில் சில பக்கங்களின் மேல் மூலை மடிக்கப்பட்டிருந்தது. அவை ஆமத்தூர்ப் பக்கம் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர்களின் பக்கங்கள். தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் மூடிக் கிடக்கும்; திறந்த பிறகும் அடைமழையில் வெயில் இல்லாமல் செய்த சரக்கு காயாது. உருப்படிக் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு வேலையில்லாத நாளில் கூலியும் இல்லை. அந்த மாதங்களில் அரிசியும் எண்ணெயும் எழுதிக்கொண்டு கொடுப்பார். தை பிறந்து கூலி ஒழுங்காக வரும்வரை கேட்க மாட்டார். மடித்த பக்கத்தைப் பேரேட்டில் ஏற்றக் கூடாது என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "ஏத்துனா கணக்குப்பிள்ளை கேட்பாரு. கேட்டா அவங்க கடைக்கு வர மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வெல்லம் எடை போடப் போய்விட்டார்.

இன்னொரு விதியையும் அந்த மார்கழியில்தான் தெரிந்துகொண்டேன், உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. மடித்த பக்கங்களின் கூட்டுத்தொகை கடையின் ஒரு மாத லாபத்தைத் தொட்டுவிட்டால், யார் வந்து நின்றாலும் புதிதாக ஒரு பக்கத்தை மடிக்க மாட்டார்.

கொடுத்த முறையும் நினைவிருக்கிறது. நகக்கண்களில் அலுமினியப் பொடியின் வெள்ளிநிறம் போகாத ஓர் அம்மா, கூட்டம் குறையட்டும் என்று எதிர்ச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அப்பா கல்லாவிலிருந்தபடியே, "அம்மா, நேத்து நீங்க குடுத்துட்டுப் போன சீட்டுக்குச் சாமான் கட்டி வச்சாச்சு, வந்து வாங்கிக்கோங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அந்த அம்மா சீட்டு எதுவும் கொடுத்திருக்கவில்லை. முந்தைய நாள் அவர் கடைப் பக்கமே வரவும் இல்லை.

இந்த ஒழுங்கையெல்லாம் அவரே ஒருமுறை மீறினார். 1993-இல் நண்பர் ஒருவர் வாங்கிய பெரிய கடனுக்கு, கணக்கில் எழுதாமல், வாய்வார்த்தையாக ஜாமீன் நின்றார். நண்பரின் வியாபாரம் நொடித்துப்போக, அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது; மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்க ஆசைப்பட்ட அக்கா உள்ளூர்க் கல்லூரியிலேயே சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் அவர் இலையில் கட்டி வாங்கி வரும் பொரிச்ச பரோட்டாவுக்காகத் தூங்காமல் விழித்திருக்கும் வீடு எங்களுடையது. அந்த வாரம் அம்மா பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. "ஊருக்கெல்லாம் ஒரு பக்கம் மடிச்சு வச்சிருக்கீங்க. எனக்கு அந்த நோட்டுல பக்கம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அப்பா பதில் பேசவில்லை. அதுவரை இரவில் கல்லாவை எண்ணி முடித்ததும் முதலில் மகமையை எடுத்து வைத்தவர், மறுநாளிலிருந்து சங்கிலிக்கென்று ஒரு தொகையை முதலில் எடுத்துத் தனியே முடிந்து வைத்தார். மகமை இரண்டாவதாகப் போனது. சங்கிலியை மீட்க மூன்று ஆண்டுகள் ஆயின. அந்த மூன்று ஆண்டுகளிலும் மழைக்காலத்துப் பக்கங்கள் மடிக்கப்பட்டன, எண்ணிக்கையில் பாதியாக. அக்காவுக்கு அந்த வருத்தம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. அது தீர வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

2011-இல் அப்பா காலமான பிறகு கடையைத் தம்பி நடத்துகிறான். 2017-இல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து எல்லாம் கணினி பில்தான், மூலையை மடிக்க வழியில்லை. வாடிக்கையாளர் பெயர் இல்லாமல் கடன் பில் போட அந்த மென்பொருள் விடாது என்பதால், 'கார்த்திகை' என்று ஒரு பெயரில் கணக்குத் திறந்து வைத்திருக்கிறான். ஒவ்வொரு ஆண்டும் தணிக்கையாளர், இந்தக் கார்த்திகை யார், பாக்கியை ஏன் இவ்வளவு தாமதமாகக் கட்டுகிறார் என்று கேட்கிறார்.