பழ வாசனை

அன்புள்ள ஐயா,

பதினான்கு ஆண்டுகளாகப் பெர்த்தில் இருக்கிறேன். வயது 46. ஏழு ஆண்டுகளாகச் சர்க்கரை, இரண்டாம் வகை. போன வருடம் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 9.4 என்று வந்தபோது பேலியோ என்கிற ஆதி மனிதன் உணவு முறைக்கு மாறினேன். சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாவற்றையும் விட்டேன். முட்டை, காய்கறி, நெய், வாரம் நான்கு நாள் கங்காரு இறைச்சி. இங்கே கங்காருவைப் பண்ணையில் வளர்ப்பதில்லை, முழுக்கக் காட்டு விலங்கு, அதனால்தான் அது. வாரம் மூன்று நாள் எடை தூக்குகிறேன். கிங்ஸ் பார்க் பக்கம் ஜேக்கப்ஸ் லேடர் என்று 242 படிகள் உண்டு. முன்பு பாதியில் உட்கார்ந்துவிடுவேன், இப்போது நிற்காமல் ஏறுகிறேன். பதினொரு மாதத்தில் 17 கிலோ குறைந்தது. ஹெச்பிஏ1சி 6.1. நோயை வென்றுவிட்டேன் என்றே நினைக்கிறேன். மெட்ஃபார்மின் மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன், டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை. எம்பாக்ளிஃப்ளோசின் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரை மட்டும் போடுகிறேன். மாதம் ஒருமுறை மூன்று நாள் தண்ணீர் விரதம். போன முறை குமட்டலும் வயிற்றுவலியும் இருந்தன. மீட்டரில் 7.9 தான் காட்டியது, அதனால் பயப்படவில்லை.

பிரச்சினை வீட்டில்தான். மனைவி சைவம். கங்காருவை வீட்டு அடுப்பில் ஏற்றக்கூடாது என்கிறார். கார் ஷெட்டில் ஒரு மின்னடுப்பு வைத்து நானே சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறேன். மகளும் கிட்டே வருவதில்லை. ஆதி மனிதனின் உணவுதான் நம் உடம்புக்கு உரியது என்று அவர்களுக்குப் புரியும்படி நீங்கள் ஒரு கட்டுரை எழுத வேண்டும். இறைச்சி உண்பது அறமா என்பதையும் தொட்டால் நல்லது.

எஸ்.

அன்புள்ள எஸ்,

முந்தாநாள் இரவு உங்கள் கடிதத்தைப் படித்ததும் இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினேன். அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு விரதம் இருக்காதீர்கள், நாளைக்கே டாக்டரைப் பாருங்கள் என்று. இதுவரை பதில் இல்லை. அதனால் எல்லோர் காதிலும் விழும்படி இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் அந்த 242 படிகள். அந்த வரியைப் படித்தபோது மனசு நிறைந்துவிட்டது. பதினொரு மாதம், எத்தனை பண்டிகை, எத்தனை விருந்து, அத்தனையிலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்கும் 19 ஆண்டுகளாகச் சர்க்கரை உண்டு. அந்த உழைப்பு எப்படிப்பட்டது என்று தெரியும். அதை ஒரு சொல்லாலும் குறைக்க மாட்டேன்.

இனித் திட்டப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

7.9 காட்டியது, பயப்படவில்லை என்கிறீர்கள். நம்மூர் மில்லிகிராம் கணக்கில் 142. பயந்திருக்க வேண்டும் தம்பி. நீங்கள் போடும் மாத்திரை என்ன செய்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டீர்களா? ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அது சிறுநீர் வழியாக வெளியே தள்ளுகிறது. அதனால் உள்ளே என்ன நடந்தாலும் மீட்டரில் எண் பெரிதாக ஏறாமல் இருக்கலாம். நீங்களோ மாவுச்சத்தை விட்டுவிட்டீர்கள், மேற்கொண்டு மூன்று நாள் பட்டினி. இன்சுலின் அடிமட்டத்துக்கு இறங்கும், உடம்பு கொழுப்பை எரிக்கும், அதில் உண்டாகும் கீட்டோன் என்ற அமிலப்பொருள் ரத்தத்தில் சேரும். விரதம் இருக்கிற யாருக்கும் கொஞ்சம் கீட்டோன் வரத்தான் செய்யும், ஓர் அளவில் நின்றுவிடும். இந்த மாத்திரை உள்ளே இருந்தால் அந்த அளவைத் தாண்டிப் போய் ரத்தமே அமிலமாகிவிடக்கூடும். அதன் அறிகுறிகள் என்ன தெரியுமா? குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், அசதி. இதில் இரண்டை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஏதோ அஜீரணத்தைச் சொல்வது போல.

இது யாரோ சொன்ன வதந்தி இல்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-லேயே இந்த வகை மாத்திரைகளுக்கு எச்சரிக்கை விட்டது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தால் குறைந்தது மூன்று நாள் முன்பே இதை நிறுத்தச் சொல்கிறார்கள். வெறும் வயிறு அதற்கு ஒரு முக்கியக் காரணம். மருத்துவமனையில், டாக்டர்கள் சுற்றி நிற்கும் இடத்திலேயே அவ்வளவு ஜாக்கிரதை. நீங்கள் கார் ஷெட்டில் யாருக்கும் தெரியாமல் மாத்திரையையும் போட்டுக்கொண்டு பட்டினியும் கிடக்கிறீர்கள். இந்த ஆபத்தைத் தராத மெட்ஃபார்மினை விட்டீர்கள், தருவதை வைத்துக்கொண்டீர்கள். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று நான் சொல்ல மாட்டேன், அது டாக்டர் சொல்ல வேண்டியது. அவரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்றுதான் கெஞ்சிக் கேட்கிறேன். அதுவரை விரதம் வேண்டாம். மறுபடி குமட்டலோ வயிற்றுவலியோ வந்தால் மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள், என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள். கீட்டோனை ரத்தத்தில் அளக்க வேண்டும், சர்க்கரையை மட்டும் பார்த்தால் போதாது.

இவ்வளவு சத்தம் போடக் காரணம் இருக்கிறது. போன மாதம் புதுக்கோட்டைப் பக்கத்தில் எங்கள் பழைய வீட்டைக் காலி செய்தபோது பரணில் ஒரு ஸ்பிரிட் விளக்கு கிடைத்தது. கட்டைவிரல் உயரம், திரி கருகிப்போய் இருந்தது. சித்தப்பாவுடையது. அன்றிலிருந்து அவர் நினைப்பாகவே இருக்கிறேன், அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வருகிறது.

1979. சித்தப்பாவுக்கு அப்போது 26 வயது, எனக்குப் பத்து. ஒடிசலான மனிதர். தினமும் ஊசி. வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. மண்பானைக்குள் ஈர மணல் போட்டு அதில் இன்சுலின் பாட்டிலைப் புதைத்து வைத்திருப்பார்கள். சித்தி அதை எடுத்ததும் முதலில் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார், குளிர்ச்சி இருக்கிறதா என்று. கண்ணாடி சிரிஞ்சை வெந்நீரில் கொதிக்க வைப்பார்கள். மீட்டர் என்று ஒன்று எங்கள் ஊருக்கு வராத காலம். கண்ணாடிக் குழாயில் பெனடிக்ட் கரைசல் ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, அந்த ஸ்பிரிட் விளக்கில் சூடு காட்டுவார் சித்தப்பா. நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் கூடுதல், செங்கல் நிறம் வந்தால் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். நிறத்தைச் சொல்வது என் வேலை.

பக்கத்து ஊரில் வைத்தியம் பார்க்கிறவர் ஒருவர், சோறும் களியும்தான் விஷம், காட்டுக்கறியும் கீரையும் தின்றால் ஊசியே வேண்டாம் என்றார். சித்தப்பாவிடம் இரண்டு நாய்கள் இருந்தன. முயல், கவுதாரி, காடை என்று தினமும் ஏதாவது வரும். (இன்று இந்தியாவில் இதெல்லாம் குற்றம். காட்டு உயிர்களைக் காக்க 1972-லேயே சட்டம் வந்துவிட்டது. இதைப் படித்துவிட்டு யாரும் கண்ணியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.) குழாயில் நிறம் மஞ்சளிலிருந்து பச்சைக்கு வந்தது, ஒரு நாள் நீலமே வந்தது. ஊசியைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஊரே மெச்சியது. ஒரு மாதம் கழித்து ஊசியை அறவே விட்டார். குணமாகிவிட்டது, இனி எதற்குச் சோதனை என்று விளக்கு பரணுக்குப் போனது.

நான்காவது நாள் இரவு. நான் அவர் பக்கத்தில்தான் படுப்பேன். அவர் மூச்சில் பழ வாசனை வந்தது. கனிந்து தோல் கறுத்த வாழைப்பழத்தின் வாசனை. "எனக்குத் தராம பழம் தின்னீங்களா சித்தப்பா?" என்று கேட்டேன். அவர் பேசவில்லை. மேட்டில் ஓடி ஏறியவர் மாதிரி ஆழமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நான் கோபித்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டேன். விடிந்து எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. டிராக்டர் டிரெய்லரில் வைக்கோல் பரப்பிப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். பழம் அல்ல, கீட்டோன் என்று எனக்குத் தெரிய இன்னும் பல வருடம் ஆனது. அன்று வீட்டில் ஒரு பழம்கூட இல்லை.

பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் 25 ஆண்டுகள் இருந்தார், ஒரு நாளும் ஊசியை விடாமல். கறியும் சாப்பிட்டார், நாய்களோடு மைல் கணக்கில் நடந்தார், ஆனால் உடம்பு எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும் அன்றைய நிறத்தைத்தான் சொல்வார். "இன்னிக்குப் பச்சை." "இன்னிக்கு மஞ்சள்." குணம் என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

அவருக்கு இருந்தது உடம்பில் இன்சுலினே சுரக்காத முதல் வகை, உங்களுக்கு இரண்டாம் வகை, அது தெரியும். தமிழில் இரண்டுக்கும் சர்க்கரை என்று ஒரே பேர் இருப்பதுதான் அந்த வைத்தியரையும் ஏமாற்றியது. பருத்த உடம்புக்காரர் யாருக்கோ கேட்ட வைத்தியத்தை ஒடிசலான பையனுக்கும் சொல்லிவிட்டார். அந்த வைத்தியமும் புதிதில்லை. ஜான் ரோலோ என்ற ராணுவ மருத்துவர் 1797-ல் எழுதியிருக்கிறார். பருமனாக இருந்த கேப்டன் ஒருவருக்கு ரத்தமும் கொழுப்பும் சேர்த்த புட்டு, வேட்டைக்கறி, நாள்பட்ட இறைச்சி என்று கொடுத்தார், அவருக்கு நன்றாகவே கேட்டது. மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை இறங்கும் என்பதில் எனக்குச் சண்டையே இல்லை.

என் சண்டை "வென்றுவிட்டேன்" என்ற சொல்லோடு. பிரிட்டனில் டைரக்ட் என்ற ஆய்வில், எடையைக் குறைக்கும் திட்டத்தில் சேர்ந்தவர்களில் ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் 36 சதவீதம். ஒரே வருடத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர் நழுவிவிட்டார்கள். அதனால்தான் மருத்துவர்கள் இதைக் குணம் என்று சொல்வதில்லை. 2021-ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி ஒரு வரையறை வைத்தார்கள்: மருந்து நிறுத்தி மூன்று மாதமாவது ஆன பிறகும் ஹெச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருக்க வேண்டும். இதைத் தணிவு என்று சொல்லலாம். தீ தணிந்திருக்கிறது என்றால் அணைந்துவிட்டது என்று நாம் யாரும் எடுத்துக்கொள்வதில்லையே. நீங்கள் இன்னும் ஒரு மாத்திரை போடுகிறீர்கள், ஆகவே உங்கள் 6.1 அந்தக் கணக்கிலும் வராது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 9.4-லிருந்து 6.1 பெரிய காரியம். ஆனால் வென்றவனுக்கு யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றிவிடுகிறது. டாக்டரிடம் மறைத்தது அங்கிருந்துதான் வந்தது. கண்ணையும் பாதத்தையும் சிறுநீரகத்தையும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

சரி, ஆதி மனிதன் உணவு. அதற்கு ஆதிகாலம் வரை போக வேண்டாம், உங்கள் மாநிலத்திலேயே நடந்தது இருக்கிறது. உங்களுக்கு வடக்கே, சாலை வழியாக இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல், டெர்பி ஊருக்குப் பக்கத்தில் மொவாஞ்சும் என்ற பழங்குடிக் குடியிருப்பு. 1982-ல் கெரின் ஓடே என்ற ஆய்வாளர், அங்கே சர்க்கரை இருந்த பத்துப் பேரோடும் இல்லாத நான்கு பேரோடும் அவர்களுடைய பூர்வீக நிலத்துக்குப் போனார். ஏழு வாரம். கடலோரத்தில் மீன், அப்புறம் உள்நாட்டில் ஆற்றோரம் கங்காரு, பறவைகள், ஆமை, முதலை, காட்டுக்கிழங்கு, அத்தி, தேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 11.6-லிருந்து 6.6-க்கு வந்தது, நம்மூர்க் கணக்கில் 209-லிருந்து 119. எடை எட்டுக் கிலோ குறைந்தது.

இதை உங்கள் கட்சிக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள நினைப்பீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். அவர்கள் கிழங்கும் தேனும் தின்றார்கள், அது உங்கள் பட்டியலில் இல்லை. ஆற்றோர நாட்களை அளந்தபோது ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1200 கலோரிதான், அதில் கொழுப்பு 13 சதவீதம். உங்கள் நெய்க்கு அங்கே இடமே இல்லை. சாப்பாட்டுக்காக நாளெல்லாம் நடந்தார்கள், தோண்டினார்கள். குறைந்த எடையா, குறைந்த கொழுப்பா, நடையா, எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறு ஒன்று. அவர்கள் போனது சொந்த மண்ணுக்கு, சொந்த ஆட்களோடு. அந்த மண்ணை விட்டு மிஷன்களும் அரசும் இடம் மாற்றி மாற்றி வைத்த மக்கள் அவர்கள். மாவும் சர்க்கரையும் அவர்கள் தட்டுக்கு வந்த கதையும் அதோடு சேர்ந்ததுதான். கங்காருவை மட்டும் அதிலிருந்து உருவி எடுத்து, பிளாஸ்டிக் தட்டில் விலை ஒட்டி வாங்கி வந்து, கார் ஷெட்டில் தனியாகத் தின்றுவிட்டு ஆதி உணவு என்று சொன்னால் எனக்கு ஏற்க முடியவில்லை. வேட்டையில் கிடைத்ததை ஒருவன் ஒளித்துவைத்துத் தின்ற குலம் எங்கே இருந்தது?

அதனால் நீங்கள் கேட்ட கட்டுரையை நான் எழுதப் போவதில்லை. இறைச்சி அறமா என்பதற்குள்ளும் போகவில்லை. உங்கள் மனைவிக்கு அதில் ஒரு முடிவு இருக்கிறது, உங்களுக்கு ஒன்று இருக்கிறது, நடுவில் நான் எதற்கு? வாரம் ஒரு நாள் ஷெட்டில் கங்காரு இருந்துவிட்டுப் போகட்டும். மற்ற நாட்களில் அவர் வைக்கும் கூட்டு, பொரியல், கீரை மசியல் எல்லாம் உங்களுக்கு ஆகும். பனீர் ஆகும். சோற்றை மட்டும் விட்டுவிட்டு அதே மேசையில் உட்காருங்கள். அந்த 242 படிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூப்பிடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாத்திரை நிறுத்தியது, விரதம், குமட்டல், வயிற்றுவலி, எல்லாவற்றையும் அவரை வைத்துக்கொண்டே சொல்லுங்கள். திரும்பி வந்ததும் எனக்கு ஒரு வரி போடுங்கள், காத்திருக்கிறேன்.