கூட்டாளியும் கணினியும்: படைவீரர் மனநலம் பற்றிய கேள்வி பதில்

(முன்னாள் படைவீரர்களுக்கு ஆலோசனை சொல்லும் நம் உறுப்பினர் பதிலளிக்கிறார்.)

ஓய்வுபெற்ற அவில்தார்: எங்க காலத்துல மனசு சரியில்லன்னா கூட்டாளிகிட்ட சொல்லுவோம். இப்ப கம்ப்யூட்டர்கிட்ட சொல்லணுமாமே?

சிரிக்காதீங்க அண்ணே, சொல்றாங்க! தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம் ‘எல்லி’ என்று திரையில் பேசும் ஒரு கணினிப் பெண்ணை உருவாக்கியது. ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய அமெரிக்கத் தேசியக் காவல் படையினர் சிலரை அவளிடம் பேச வைத்தார்கள். படையின் உடல்நலப் படிவத்தில் எழுதியதைவிட, பெயர் போடாத படிவத்தில் எழுதியதையும்விட, அவளிடம் மனநலப் பாதிப்பின் அறிகுறிகளைக் கூடுதலாகச் சொன்னார்கள். 2017இல் வந்த ஆய்வு, சின்னக் குழு. படிவம் மேலே போகும், வேலைக்கு உலை வைக்கும் என்ற பயம் உங்களுக்குத் தெரியாததா?

பொறியியல் மாணவர்: கூட்டாளிக்கு ஏஐ என்ன உதவி செய்யும்?

சொல்லைத் திருத்தித் தரும். டாக்லைஃப் என்ற தளத்தில் பிறருக்கு ஆறுதல் எழுதும் 300 பேரிடம் சோதித்து 2023இல் வெளியிட்டார்கள். “கவலைப்படாதே” என்று ஒருவர் எழுதினால், இன்னும் பரிவாக எப்படி எழுதலாம் என்று யோசனை காட்டும். எடுப்பதும் விடுவதும் அவர் இஷ்டம். பரிவு 19.6 சதவீதம் கூடியது. ஆறுதல் எழுதத் தடுமாறுகிறவர்களுக்கு 38.9 சதவீதம். ஆனால் இது படைவீரர்களிடம் செய்த சோதனை இல்லை. பரிவை அளந்ததும் கணினிதான். ஆகவே கொஞ்சம் நிதானம், தம்பி.

படைவீரரின் மனைவி: என் கணவர் மனநலச் செயலியில் எழுதுவதை அதிகாரி பார்ப்பாரா?

பதிவு எங்கே தங்கும், யார் கண்ணில் படும் என்று எழுத்தில் சொல்லாத செயலியைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள், அம்மா. பொதுவான சாட்பாட்டில் பிரிவின் பெயரோ இருக்கும் இடமோ எழுதவே கூடாது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான 14416 டெலி மானஸில் மனிதரே பேசுவார், தமிழிலும். 2023 டிசம்பரில் புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் படையினருக்கென்றே அதன் தனிப் பிரிவு தொடங்கியது.

இன்னொருவர்: தற்கொலையை ஏஐ முன்கூட்டியே கணிக்குமா?

ஆளைக் கணிக்காது, ஆபத்தை மதிப்பிடும். அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை 2017 முதல் மருத்துவப் பதிவுகளை அலசி, ஆபத்து மிகுந்த 0.1 சதவீதத்தினரைப் பட்டியலிடுகிறது. பிறகு மருத்துவப் பணியாளர் கூப்பிட்டுப் பேச வேண்டும். அந்தப் போன் போகாவிட்டால் பட்டியல் வெறும் காகிதம்.

அவில்தார் மறுபடியும்: சரி தம்பி, கூட்டாளி என்னதான் செய்யணும்?

அமெரிக்கப் படையில் சொல்லித் தருவது: கேள், அக்கறை காட்டு, அழைத்துப் போ. “செத்துப் போகலாம்னு தோணுதா?” என்று நேராகவே கேட்கலாம். துப்பாக்கியைப் பக்குவமாக வாங்கி வையுங்கள். நம்பரை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். மருத்துவரைப் பார்க்கும்வரை கூடவே இருங்கள், அண்ணே.