புத்தகம் கொண்டுபோக வேண்டாம்

வணக்கம் ஐயா,

நான் பாரிஸ் புறநகரில் இருக்கிறேன். பூர்வீகம் காரைக்கால். வரும் பிப்ரவரியில் மனைவி, எட்டு வயது மகளோடு ஒன்பது நாள் விடுமுறைக்கு, கரீபியன் கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான குவாதலூப் தீவுக்குப் போகிறோம். நீங்கள் அங்கே போய்வந்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். சூஃப்ரியேர் எரிமலையில் குழந்தையோடு ஏற முடியுமா? எந்தக் கடற்கரைப் பக்கம் தங்கலாம்? தீவின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள எங்கே போகவேண்டும்?

இன்னொன்று. அங்கே தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில்களை ஒரு வீடியோவில் பார்த்தேன். நம் முன்னோர் கடல் கடந்து கொடி நாட்டியிருக்கிறார்கள் என்று பெருமையாக இருந்தது. ஆனால் பூசாரி பாடுவதில் பாதி புரியவில்லை. சொற்களை எல்லாம் சிதைத்துவிட்டார்கள். ஆடு வேறு வெட்டுகிறார்கள். மனசுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. பிழையில்லாத அம்மன் பாடல்களைப் பிரெஞ்சு எழுத்தில் உச்சரிப்போடு அச்சடித்து, இருபது பிரதி கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். எந்தப் பாடல்களைச் சேர்க்கலாம்?

ர.

அன்புள்ள ர.,

புத்தகம் கொண்டுபோகாதீர்கள். மற்றதை அப்புறம் சொல்கிறேன்.

இந்த ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். மூன்றாம் வெள்ளி, மாவிளக்கு. கோயிலுக்கு முன்னால் வேப்பமரத்தில் ஒலிபெருக்கி கட்டி ஏதோ ஒரு பாட்டை ஓடவிட்டிருந்தார்கள். நல்ல குரல், நல்ல உச்சரிப்பு, ஒரு எழுத்துப் பிழை கிடையாது. விளக்கை ஏந்தி நின்ற பெண்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. அதிலிருந்தே மனசு சரியில்லை. இரண்டு வாரம் கழித்து உங்கள் கடிதம் வந்தது.

எங்கள் அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாவிளக்கு அன்று அவள்தான் பாடுவாள். ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஓடும். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு, தமிழில் முதல் மார்க். திருவிழாக் கடையில் அம்மன் பாட்டுப் புத்தகம் ஒன்று வாங்கினேன். அடுத்த வெள்ளி அவள் பாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி விரல் வைத்துப் பார்த்தேன். அப்பாயி இது தப்பு, இந்த வரியே புத்தகத்தில் இல்லை, இந்த இடத்தில் 'ழ' வரவேண்டும் என்று ஏழெட்டு இடத்தில் நிறுத்தினேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. "சரிய்யா, நீ படிச்ச புள்ள, நீயே பாடு" என்றாள். நான் பாடினேன். எல்லாரும் மெச்சினார்கள். அவள் அதன்பிறகு பாடவே இல்லை.

அவள் போய்ச் சேர்ந்து பல வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. புத்தகத்தில் இல்லாத அந்த வரிகளில் எங்கள் ஊர்க் குளம் இருந்தது. குளத்துக்கு வடக்கே இருந்த, இப்போது இல்லாத புளியந்தோப்பு இருந்தது. வாந்திபேதி வந்த வருடம் செத்துப்போன குழந்தைகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. அதில் ஒன்று அவளுடைய தங்கச்சி பெயர். எல்லையிலேயே நின்றுகொள் தாயே, இந்தப் பக்கம் வராதே என்று அவள் அம்மா அழுது பாடியதை இவள் கேட்டுக் கேட்டு மனப்பாடமாக வைத்திருந்தாள். அந்தப் பெயர்களில் இரண்டுதான் இப்போது எனக்கு நினைவிருக்கிறது. மற்றதை அழித்தவன் நான். கையில் சரியான புத்தகம் இருந்ததால் அழித்தேன்.

இப்போது நீங்கள் இருபது பிரதி என்கிறீர்கள்.

காபெஸ்தேர் ஊருக்குப் பக்கத்தில், ஷாங்ஜி என்ற இடத்தில் இருக்கும் கோயிலுக்கு நான் பதினோரு வருடங்களுக்கு முன் போனேன். நீங்கள் வீடியோவில் பார்த்ததும் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். சுற்றிலும் வாழைத்தோட்டம், பின்னால் மேகம் மூடிய மலை. அங்கே மாரியம்மனை மலியேமேன் என்கிறார்கள். மதுரை வீரன் மல்தெவிலேன். பூசாரி பூசாலி. பாட்டும் முறையும் தெரிந்த வாத்தியார் வாத்தியாலு. நம் 'ர' அங்கே போய் 'ல' ஆகிவிட்டது. தப்பு என்ற பறை மட்டும் அங்கேயும் தப்புதான், அதில் மாற்றம் இல்லை. குழம்பு கொல்பு. இரவெல்லாம் முகத்தில் சாயம் பூசி ஆடும் கூத்துக்கு நாத்ரோம் என்று பெயர். நாடகம் என்ற சொல்தான் அது. நவம்பர் தொடக்கத்தில் கிறிஸ்தவர்கள் கல்லறைக்குப் போகும் நாட்களை ஒட்டி இவர்களும் இறந்தவர்களுக்குப் படையல் போடுகிறார்கள். அந்தச் சடங்கின் பெயர் சாம்ப்லானி.

சாம்பிராணி, ர. வேறொன்றுமில்லை. திதி, படையல், திவசம் என்று நமக்கு எத்தனையோ சொல் இருக்கிறது. அவை எல்லாம் போய்விட்டன. செத்தவர்களை நினைக்கும்போது எழுந்த புகையின் வாசனை மட்டும் மிஞ்சி, அதுவே சடங்கின் பெயராகிவிட்டது. இதைத் திருத்தி 'பித்ரு காரியம்' என்று அச்சடித்துக் கொடுக்கப் போகிறீர்களா?

அந்தச் சொற்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பதையும் கேளுங்கள். நீங்கள் கேட்ட வரலாறு இதில் பாதி வந்துவிடும். பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1794ல் ஒருமுறை அடிமை முறையை ஒழித்தார்கள். நெப்போலியன் 1802ல் படை அனுப்பி அதைத் திரும்பக் கொண்டுவந்தார். எதிர்த்து நின்ற தெல்கிரெஸ் என்ற கலப்பின அதிகாரியும் அவரோடு இருந்த சுமார் 300 பேரும், அந்த எரிமலைச் சரிவில் இருக்கும் மத்தூபாவில், பிடிபடுவதைவிட மேல் என்று வெடிமருந்துக்குத் தீ வைத்துத் தங்களையே அழித்துக்கொண்டார்கள். மே 28. அடிமை முறை முடிவாக ஒழிய 1848 ஆயிற்று. விடுதலையான கறுப்பின மக்கள் பழைய எஜமானின் கரும்புத் தோட்டத்தில் அவன் சொன்ன கூலிக்கு நிற்க மறுத்தார்கள். அவர்களுடைய கூலியை உடைப்பதற்காகத்தான் நம் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். முதல் கப்பல் ஓரெலி, 1854 கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்து சேர்ந்தது. 1889 வரை சுமார் 42,000 பேர். காரைக்கால், புதுச்சேரி, மதராஸ் வழியாக ஏறியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், தெலுங்கர்களும் உண்டு. கல்கத்தாவிலிருந்தும் கப்பல் போயிருக்கிறது. ஐந்து வருட ஒப்பந்தம், முடிந்தால் திருப்பி அனுப்புவோம் என்று எழுத்தில் வாக்குறுதி. திரும்பி வந்தவர்கள் நாலில் ஒரு பங்குகூட இல்லை. கரும்புக் காட்டில் செத்தவர்கள் ஏராளம்.

இதற்குப் பெயர் கொடி நாட்டுவதா? எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. பஞ்சத்தில் அடிபட்டவனை, கடன்பட்டவனை, சேரியில் பிறந்ததால் சொந்த ஊரில் தலைநிமிர முடியாதவனை மேஸ்திரி பேசி மயக்கிக் கப்பல் ஏற்றியிருக்கிறான். போகும்போது நாம் யாரும் தடுக்கவில்லை. செத்தபோது அழவில்லை. 170 வருடம் கழித்து விமானத்தில் போய் இறங்கி, என் முன்னோர் என்று மார்தட்டுகிறோம். அடுத்த மூச்சிலேயே உச்சரிப்பு சரியில்லை என்கிறோம். உங்களை மட்டும் சொல்லவில்லை. இங்கே மேடைக்கு மேடை இதுதான் நடக்கிறது. ஆனால் கடிதம் எழுதியது நீங்கள், அதனால் திட்டும் உங்களுக்கு.

உங்கள் கையெழுத்துக்குக் கீழே ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயர் இருக்கிறது. 1881 ஆணை வந்தபின் காரைக்காலிலும் புதுச்சேரியிலும் பலர் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறப்பதாகக் கையெழுத்துப் போட்டு, பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்று, புதுக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்களே, உங்கள் கொள்ளுத்தாத்தா அவர்களில் ஒருவராக இருக்கலாம். அதே கரையிலிருந்து கப்பல் ஏறியவர்களின் பிள்ளைகள் குவாதலூப்பில் பிறந்தும் வாக்குரிமை இல்லாமல் இருந்தார்கள். 1863ல் காபெஸ்தேரில் பிறந்த ஆன்ரி சிதம்பரோம் என்ற மனிதர் அவர்களுக்காக 1904ல் தொடங்கிய சட்டப் போராட்டம் 1923ல்தான் முடிந்தது. 19 வருடம். சிதம்பரம் என்ற பெயர் சிதம்பரோம் ஆகிவிட்டதே என்று அங்கேயும் சிவப்புப் பேனாவை எடுப்பீர்களா?

கோயிலில் நடந்ததைச் சொல்கிறேன். பூசை முடிந்து வாழையிலையில் சோறும் கொல்பும் போட்டார்கள். எனக்குப் பக்கத்தில் தப்பு அடித்த பெரியவர் உட்கார்ந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அதுவரை அவர் அம்மன் முகத்துக்கு நேரே நின்று அடித்துக்கொண்டிருந்தார். அவர் கை ஓய்ந்தால் பூசையும் நின்றது. அவர் பேசியது அந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல். என்னோடு வந்த நண்பர் பிரெஞ்சில் சொல்ல, எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் புரிந்துகொண்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "உங்கள் ஊரில் இன்னும் தப்பு அடிக்கிறார்களா? அடிப்பவர் அம்மனுக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்பார்?"

நான் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரில் தப்பு அடிப்பவர் தெருவில் நிற்பார், கோயில் வாசற்படி ஏறமாட்டார் என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? "அடிக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். அந்தப் பொய்யை இன்றுவரை சுமக்கிறேன்.

உங்கள் 'பிழையில்லாத' தொகுப்பில் மதுரை வீரன் வருவானா? பொம்மியும் வெள்ளையம்மாளும் வருவார்களா? நாகூர் மீரான் வருவாரா? அந்தத் தீவில் நாகூர் ஆண்டவருக்கும் கொடிமரம் உண்டு, மாரியம்மன் பூசை செய்கிறவர்களே அதையும் ஏற்றுகிறார்கள். கடலைத் தாண்டும்போது காப்பாற்றியவர் அவர்தான் என்ற நன்றி. காரைக்கால்காரருக்கு நாகூர் எவ்வளவு தூரம் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அங்கே தமிழ் கற்க ஆசைப்படுகிற இளைஞர்களும் இருக்கிறார்கள். யாராவது உங்களிடம் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால் மனசாரச் சொல்லுங்கள், எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து சொல்லுங்கள். கேட்காதவர் வாயில் போய்த் திருத்தாதீர்கள். நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள், தெரிகிறது. சொந்தக் காசில் அச்சடிக்க நினைக்கிற மனசு லேசானதில்லை. நானும் அன்றைக்கு நல்ல எண்ணத்தில்தான் அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஆடு விஷயம் பேசவே வேண்டாம். உங்கள் பாட்டி ஊரில் கிடா வெட்டாமல் எந்த அய்யனாருக்குப் பொங்கல் வைத்தார்கள்? குழந்தை பார்க்க வேண்டாம் என்றால் அந்த நேரம் வெளியே கூட்டிப்போங்கள்.

சரி, உங்கள் மற்ற கேள்விகள். பிப்ரவரி நல்ல மாதம், மழை குறைவு, புயல் காலமும் இல்லை. தீவு விரித்த பட்டாம்பூச்சி மாதிரி இரண்டு சிறகு. கிழக்குச் சிறகு கிராந்த்-தேர், தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம், வெள்ளை மணல், சேந்த்-ஆன் கடற்கரை அங்கேதான். மேற்குச் சிறகு பாஸ்-தேர், மலையும் காடும் எரிமலையும். எல்லாரும் கிழக்கே தங்குவார்கள். நீங்கள் மேற்கே தங்குங்கள். காபெஸ்தேருக்கு மேலே கார்பே அருவிகள் இருக்கின்றன, இரண்டாவது அருவி 110 மீட்டர். கொலம்பஸ் 1493ல் வந்து இறங்கியதும் அந்தக் கரையில்தான். அவருக்கு முன்பே அங்கே வாழ்ந்தவர்கள் தீவை கருகேரா என்றார்கள், அழகிய நீர்களின் தீவு என்று பொருள் சொல்கிறார்கள். புவாந்த்-அ-பித்ர் நகரில் பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் 2015ல் திறந்த மெமோரியல் ஆக்ட் என்ற அடிமை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். மகளுக்கு எட்டு வயது என்றால் தாராளமாகப் புரியும். கேள்வி கேட்பாள், பதில் சொல்லுங்கள்.

எரிமலை 1,467 மீட்டர். ஏறலாம். பேன்-ஜோன் என்ற இடத்தில் தொடங்கும் பாதை, மேலே போய்ச்சேர ஒன்றரை இரண்டு மணி நேரம். உச்சியில் கந்தகப் புகை வரும் இடங்களை அடைத்து வைத்திருப்பார்கள், தடுப்பைத் தாண்டாதீர்கள். கனமான மழைக்கோட்டும் நல்ல காலணியும் வேண்டும், மேலே காற்றும் குளிரும் குழந்தைக்கு ஜாஸ்தி. இறங்கியதும் அடிவாரத்திலேயே வெதுவெதுப்பான நீர்க் குளம் இருக்கிறது. காலை ஏழு மணிக்குள் ஏற ஆரம்பித்துவிடுங்கள், ர. நேரமாகிவிட்டால் மலையை மேகம் மூடிவிடும்.