தேர்தல் இல்லாத மாதத்தில் போய் நில்லுங்கள்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஓர் எதிர்க்கட்சிக் கிளைச் செயலாளர் கேட்கிறார்: "தெருவுக்குள் போனாலே 'என்ன, எலெக்‌ஷன் வந்துடுச்சா?' என்கிறார்கள். இழந்த நம்பிக்கையை எப்படித் திரும்பப் பெறுவது?"

கூட்டணி அமைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மேலிடத்தில் சொல்வார்கள். பொய்யில்லை. 1991-ல் 2 இடத்துக்கு இறங்கிய திமுக 1996-ல் ஆட்சிக்கு வந்தது, அந்த முறை 4 இடம் மட்டும் பிடித்த அதிமுக 2001-ல் திரும்பி வந்தது. ஆனால் அதில் கோபமும் கூட்டணிக் கணக்கும்தான் அதிகம், கோபத்தில் விழுந்த ஓட்டு அடுத்த தடவை தங்குமா என்பது வேறு விஷயம்.

சரி, உங்கள் கையில் இருப்பது என்ன? தை, மாசியில் சம்பா அறுப்பு நடக்கும்போது கொடி, கட்சித் துண்டு, போட்டோ எடுக்கிற ஆள் எதுவும் இல்லாமல் நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய் உட்காருங்கள். ஈரப்பதம் 17 சதவீதம்தான் வரம்பு. பனியில் நனைந்த நெல் 19, 20 காட்டும், அதைப் பகலெல்லாம் களத்தில் கிளறிக் காயவைத்து, பொழுது சாய்ந்ததும் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் பக்கத்திலேயே படுத்திருப்பார்கள். "மூட்டைக்கு இவ்வளவுன்னு உங்க ஆட்சியிலயும்தானே லஞ்சம் வாங்கினாங்க?" என்று முதல் கேள்வியே வரும். ஆமாம், வாங்கினார்கள், நாங்கள் தடுக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். அங்கே புள்ளிவிவரத்தை எடுத்து நீட்டினால் கதை முடிந்தது.

அப்புறம் ஒரு நோட்டு போடுங்கள்: யாருடைய நெல், எத்தனை மூட்டை, எத்தனை நாளாகக் கிடக்கிறது. மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் சொல்லியாக வேண்டும். ஈரப்பதத் தளர்வு மட்டும் மத்திய அரசு கொடுக்க வேண்டியது, அதை வாங்கித் தருகிறேன் என்று நீங்கள் வாக்குக் கொடுக்காதீர்கள். எம்.பி.யிடம் சொல்லிக் கடிதம் போடவைத்து நகலைக் காட்டலாம், அவ்வளவுதான்.

பலரும் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். மனு தள்ளுபடியானால் அந்தத் தெருப் பக்கமே போவதில்லை. போங்கள், "ஆகலைண்ணே, இந்தக் காரணம் சொல்றாங்க" என்று தாளைக் கையில் கொடுங்கள். 2018-ல் கஜா புயலில் தென்னை சாய்ந்தபோது பெயர் எழுதிக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று பேராவூரணிப் பக்கம் விசாரித்துப் பாருங்கள், திட்டாமல் சொன்னால் சரி.