ஒல்லியான எனக்கு சர்க்கரை, குண்டான மனைவிக்கு நார்மல்: எப்படி டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 41. உயரம் 168 செ.மீ., எடை 62 கிலோ. கல்யாணம் ஆன நாளிலிருந்து எடை பெரிதாக மாறவில்லை. அண்மையில் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 6.1, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) 230, ஈரலில் கொழுப்பு என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. கூடவே பரிசோதித்துக்கொண்ட என் மனைவிக்கு (வயது 37, 158 செ.மீ., 74 கிலோ) எல்லாமே நார்மல். லேபில் ரிப்போர்ட் மாறிப்போயிருக்குமா? நண்பர் ஒருவர், “உனக்குச் சத்து பத்தவில்லை, எடை கூட்டும் பவுடர் சாப்பிடு” என்கிறார். சாப்பிடலாமா?
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: முதலில் பவுடர். வேண்டாம். எடை கூட்டுவதற்கென்று விற்கிற பவுடர்களில் பெரும்பாலானவற்றில் மாவுச்சத்தும் சர்க்கரையும்தான் அதிகம். உங்கள் டிரைகிளிசரைடு இருக்கிற நிலையில் அது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிற வேலை.

ரிப்போர்ட் மாறியிருக்க வாய்ப்பு குறைவு. இந்த மூன்றும் சேர்ந்து வருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன், அதுவும் உங்களைப் போல “நான் ஒல்லிதானே” என்று நம்பிக்கொண்டிருப்பவர்களிடம். சந்தேகம் தீர, வெறும் வயிற்றிலும், குளுக்கோஸ் கரைசல் குடித்து 2 மணி நேரம் கழித்தும் சர்க்கரை பார்த்துவிடுங்கள். ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி தப்பாகக் காட்டலாம் என்பதால் ஹீமோகுளோபினும் பார்க்க வேண்டும்.

உங்கள் பிஎம்ஐ 22. இந்தியர்களுக்கு 23-க்குக் கீழே இருந்தால் சரியான எடை என்கிறோம். ஆனால் பிஎம்ஐ என்பது எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த கணக்கு, அவ்வளவுதான். அந்த 62 கிலோவில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

2004-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று வந்தது. ஒருவர் புனேயின் யாஜ்னிக், இன்னொருவர் லண்டனின் யட்கின். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. அளந்து பார்த்தால் யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். யட்கின் மாரத்தான் ஓடுபவர். யாஜ்னிக்கின் உடற்பயிற்சி, லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஓடிப்போய் ஏறுவது என்று அவர்களே கிண்டலாக எழுதியிருந்தார்கள். ஆனால் ஓட்டம் மட்டும் காரணம் இல்லை. புனே வட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. எடை அவ்வளவு குறைவாக இருந்தும் புனேக் குழந்தைகளுக்குக் கொழுப்பு அதே அளவுக்குக் குறையவில்லை, குறைந்தது தசைதான். அதாவது, நம்மில் பலர் பிறக்கும்போதே தசை குறைவாகப் பிறக்கிறோம். அம்மா இருந்தால் உங்கள் பிறப்பு எடையைக் கேட்டுப் பாருங்கள்.

சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசை. அது குறைவாக இருந்து, வேலையும் இல்லாமல் போனால், இன்சுலின் அதிகமாகச் சுரந்தாக வேண்டும். மிச்சம் கொழுப்பாக மாறுகிறது. தொடையிலும் இடுப்பின் பின்புறமும் தோலுக்கடியில் சேரும் கொழுப்பு அதிகம் தொந்தரவு தராது. உங்களைப் போன்றவர்களுக்கு அங்கே இடம் குறைவு. அதனால் குடலைச் சுற்றியும் ஈரலுக்குள்ளும் போய் உட்காருகிறது. உங்கள் மனைவிக்குக் கொழுப்பு தோலுக்கடியிலேயே சேர்வதுகூட, இப்போது எல்லாம் நார்மலாக இருப்பதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

நீங்கள் எழுதாமல் விட்ட எண் ஒன்று இருக்கிறது: வயிற்றுச் சுற்றளவு. “பேன்ட் சைஸ் 32தான் டாக்டர், மாறவேயில்லை” என்பார்கள். நம் ஆட்கள் தொப்பை வளர வளர பேன்ட்டைக் கீழே இறக்கிக் கட்டுகிறார்கள், சைஸ் எப்படி மாறும்? தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும். சட்டையைக் கழற்றிவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். எக்கக் கூடாது! இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. உயரத்தில் பாதிக்குள் இருந்தால் இன்னும் நல்லது. உங்களுக்கு அது 84.

சரி, என்ன செய்வது? தராசை மறந்துவிடுங்கள். வயிறு குறையவேண்டும், தசை ஏறவேண்டும். இரண்டும் சேர்ந்து நடந்தால் எடை 62-லேயே நிற்கலாம், கவலை இல்லை. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உங்களைப் போல சர்க்கரை வரும் விளிம்பில் இருந்தவர்கள் உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியதில், நோயாக மாறுவது மூன்று ஆண்டுகளில் 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை பெரிதாக இறங்கவே இல்லை.

வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேக நடை. அது மட்டும் உங்களுக்குப் போதாது. வாரம் இரண்டு, மூன்று நாள் தசைக்கு வேலை கொடுங்கள்: தோப்புக்கரணம், சுவரில் கை ஊன்றித் தண்டால், மாடிப்படி. ஜிம் கட்டாயமில்லை. ராத்திரி சாப்பிட்டதும் டிவி முன்னால் உட்காராமல் பத்து நிமிடம் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள்.

சாப்பாட்டில், சோற்று மலையும் ஓரத்தில் ஒரு ஸ்பூன் பொரியலும் என்பதைத் திருப்பிப் போட வேண்டும். சோறு இப்போது சாப்பிடுவதில் பாதி, கூட்டு பொரியல் இரண்டு மடங்கு. நாளைக்கு 60 கிராம் புரதம் உங்களுக்கு வேண்டும். இரண்டு முட்டையில் 12 கிராம் வந்துவிடும்; மீதியைச் சுண்டல், பருப்பு, மீன், தயிர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். டீயில் சர்க்கரை, சாயங்கால சேவு, இரண்டையும் விட்டாலே டிரைகிளிசரைடு இறங்கத் தொடங்கும். மூன்று மாதம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள்.

உங்கள் மனைவியின் பிஎம்ஐ 29.6. ரிப்போர்ட் நார்மல் என்பது இன்றைய நிலவரம். இந்த நிலையில் இருப்பவர்களில் பலருக்கு வருடங்கள் போகப் போக சர்க்கரையோ ரத்த அழுத்தமோ எட்டிப் பார்க்கிறது. மாதவிடாய் நின்றபின் கொழுப்பு வயிற்றுப் பக்கம் நகர்கிறது. முட்டியில் வலி இருக்கிறதா, ராத்திரி குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருகிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதற்குத் தனியாக வைத்தியம் பார்க்க வேண்டும். 74 கிலோவிலிருந்து நாலு கிலோ குறைத்தாலே பலன் தெரியும். பட்டினி வேண்டாம், ஒருவேளைச் சாப்பாட்டை விடவும் வேண்டாம். வீட்டில் அவரைக் கேலி செய்வது வழக்கமாக இருந்தால் அதை இன்றோடு நிறுத்துங்கள். கேலிக்குப் பயந்து டாக்டரிடமே வராமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு.

ஒன்று மட்டும் கவனம். நீங்கள் எதுவும் செய்யாமலே எடை இறங்கி, தாகமும் அடிக்கடி சிறுநீரும் சேர்ந்தால் மூன்று மாதம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே சர்க்கரை பாருங்கள்.