டெங்கு காய்ச்சல்ல இருக்கறவங்கள பாம்பு கடிச்சா என்ன ஆகும்? பாம்புகிட்ட இருந்து வைரஸ் வருமா?

கேள்வி: அம்மாவுக்கு டெங்கு, பிளேட்லெட் 70,000-க்கு இறங்கிடுச்சு, டாக்டர் வீட்டுலயே ரெஸ்ட் எடுக்க சொல்லியிருக்கார். நேத்து ராத்திரி பாத்ரூம் பக்கத்துல ஒரு பாம்பு போச்சு, என்ன பாம்புன்னு தெரியல. இந்த நேரத்துல கடிச்சா விஷம் சீக்கிரம் ஏறிடுமா? பாம்பு கடிச்சா வைரஸும் தொத்துமா? கொரோனாவே பாம்பு விஷம்தான்னு ஒரு வீடியோ வேற சுத்துது. விஷமுறிவு ஊசிய குதிரை ரத்தத்துல இருந்து எடுக்கறாங்களாமே, அது வழியா எதாவது வந்துடாதா?

பதில்: பாம்போட விஷத்துல வைரஸ் கிடையாதுங்க, அதை முதல்ல மனசுல இருந்து எடுத்துடுங்க. விஷம்ங்கறது புரோட்டீன், என்சைம் இதெல்லாம் கலந்த ஒரு கலவை, உடம்புக்குள்ள போனா அது தானா பெருகாது, இன்னொருத்தருக்கு தொத்தாது. பாம்புகளுக்குன்னு தனியா வைரஸ் இருக்கு, இல்லன்னு சொல்லல. மலைப்பாம்பு, போவா மாதிரி பாம்புகள வளர்க்கறவங்களுக்கு அரினாவைரஸ் குடும்பத்துல ஒண்ணு பெரிய தலைவலி, விரியன் வகைகள்ல நுரையீரலை தாக்கற ஃபெர்லாவைரஸ்னு ஒண்ணு 1970-கள்ல சுவிட்சர்லாந்துல ஒரு பாம்புப் பண்ணையில கண்டுபிடிச்சாங்க. ஆனா இதெல்லாம் பாம்புகளோட நோய், கடி வழியா மனுஷனுக்கு வந்ததா பதிவு இல்ல. அமெரிக்காவுல மூளைக்காய்ச்சல் வைரஸ் சில வகை குளிர்காலம் முழுக்க பாம்பு உடம்புல தங்கியிருக்குமான்னு ரொம்ப வருஷமா ஆராய்ச்சி நடந்துருக்கு, அங்கயும் மனுஷனுக்கு கொண்டு வர்றது கொசுதான், பாம்போட பல் இல்ல.

கொரோனா கதை எங்கிருந்து வந்துச்சுன்னா, 2020 ஜனவரியில ஒரு மருத்துவ வைராலஜி ஜர்னல்ல வந்த கட்டுரைதான் ஆரம்பம். புது வைரஸோட மரபணு எழுத்துக்கள் எந்த விலங்கோட பாணிக்கு கிட்ட வருதுன்னு கம்ப்யூட்டர்ல ஒப்பிட்டு பார்த்து, சீனாவுல இருக்கற ஒரு கட்டுவிரியனும் ஒரு நல்ல பாம்பு வகையும் மனுஷனுக்கு வைரஸை கடத்தின இடைநிலை விலங்கா இருக்கலாம்னு சொன்னாங்க. அவங்க ஒப்பிட்டதே விரல் விட்டு எண்ணக்கூடிய சில விலங்குகளோடதான், தவிர இந்த மாதிரி கொரோனா வைரஸ் பாலூட்டி, பறவை இதுலதான் பார்த்திருக்காங்க, பாம்புல இருந்து வந்துச்சுன்னு சொல்ல இந்த முறை பத்தாதுன்னு மத்த வைராலஜிஸ்டுங்க சில நாள்லயே அடிச்சு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் 2021-ல அரிசோனா பல்கலைக்கழக குழு, தீவிர கோவிட்ல இறந்தவங்க ரத்தத்துல ஒரு என்சைம் ரொம்ப அதிகமா இருந்ததா எழுதினாங்க, அது ராட்டில்ஸ்னேக்ங்கற அமெரிக்க விரியனோட விஷத்துல இருக்கற என்சைமோட உறவுக்காரன். அந்த "உறவு"ங்கற ஒரு வார்த்தைய பிடிச்சுகிட்டு 2022-ல தண்ணியில பாம்பு விஷம் கலந்துட்டாங்கன்னு வீடியோ போட்டாங்க, இன்னும் ஓடிட்டு இருக்கு! அந்த என்சைம் நம்ம உடம்பே தயாரிக்கறது, பாக்டீரியாவை கொல்றதுக்கு. அளவு மீறிப் போனா நம்ம செல்லையே அரிக்க ஆரம்பிக்கும், அவ்வளவுதான் விஷயம். அதே 2021-ல பிரேசில்ல ஜரராகுசுங்கற விரியனோட விஷத்துல இருந்து எடுத்த ஒரு சின்ன மூலக்கூறு, குரங்கு செல்கள்ல கொரோனா பெருகறத 75 சதவீதம் தடுத்துச்சுன்னு வந்துச்சு. இதுவும் லேப்ல செல்லுல நடந்த விஷயம், மருந்து ஆகல.

இப்போ உங்க அம்மா விஷயம். எவ்வளவு விஷம் ஏறுதுங்கறது பாம்பு எவ்வளவு இறக்குதுங்கறத பொறுத்தது, காய்ச்சல் இருக்கா இல்லையாங்கறத பொறுத்தது இல்ல. அதனாலதான் விஷமுறிவு மருந்து குழந்தைக்கும் பெரியவங்களுக்கும் ஒரே அளவு குடுக்கறாங்க, அது முறிக்க வேண்டியது விஷத்தை, ஆளோட எடைய இல்ல. ஆனா ஒரு இடத்துல உங்க பயம் நியாயம்தான், கடிச்சது விரியனா இருந்தா. டெங்குல பிளேட்லெட் குறையுது, ரத்தக்குழாய் கசியுது. கண்ணாடி விரியன் விஷம் வேற வழியில வருது, ரத்தம் உறையறதுக்கு வேணுங்கற ஃபைப்ரினோஜன்ங்கற புரோட்டீனையே மொத்தமா தீர்த்து விட்டுடும். ரெண்டும் ஒரே உடம்புல சேர்ந்தா ரத்தக்கசிவு ஆபத்து கூடத்தான் செய்யும், கிட்னிக்கும் நல்லது இல்ல.

இதுல டாக்டருக்கே குழப்பம் வர்ற இடம் ஒண்ணு இருக்கு. ஈறுல ரத்தம், சிறுநீர்ல ரத்தம், வாந்தி, ரிப்போர்ட்ல பிளேட்லெட் கம்மி, இதெல்லாம் டெங்குலயும் வரும், விரியன் கடியிலயும் வரும். பிரிச்சு பார்க்க பெரிய மெஷின் வேண்டியதில்ல, 20 நிமிஷ டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு. புதுசா, காய்ஞ்சு இருக்கற ஒரு கண்ணாடி டியூப்ல 2 மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாம அசைக்காம 20 நிமிஷம் நிக்க வச்சுட்டு, ஒரு தடவை சாய்ச்சு பார்ப்பாங்க. தண்ணி மாதிரி ஓடினா விஷம் வேலை செய்யுதுன்னு அர்த்தம், கட்டியா நின்னா இப்போதைக்கு ரத்தத்துல பாதிப்பு இல்லன்னு அர்த்தம், பாம்புக்கடின்னா இதை திரும்ப திரும்ப செஞ்சு பார்ப்பாங்க. டெங்குல பிளேட்லெட் குறைஞ்சிருந்தாலும் இந்த டியூப்ல ரத்தம் பொதுவா உறைஞ்சுடும். பிளாஸ்டிக் டியூபோ சோப்பு போட்டு கழுவின டியூபோ எடுத்தா ரிசல்ட் தப்பாயிடும், அது ஒண்ணுதான் இதுல வம்பு. அதனால அம்மாவோட பிளேட்லெட் ரிப்போர்ட் எல்லாத்தையும் தேதி தெரியற மாதிரி போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, கடிக்கறதுக்கு முன்னாடியே 70,000-ன்னு தெரிஞ்சா டாக்டருக்கு பாதி குழப்பம் தீர்ந்துடும். டெங்கு இருக்குங்கறதுக்காக விஷமுறிவு ஊசிய தள்ளிப் போட வேண்டியதே இல்ல, விஷ அறிகுறி இருந்தா போட்டே ஆகணும். வலிக்குதுன்னு ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் எதுவும் குடுத்துடாதீங்க, டெங்குக்கும் ஆகாது விரியன் கடிக்கும் ஆகாது, பாராசிட்டமால் மட்டும் சரியான அளவுல. இடுப்புல ஊசி போடறதையும் ரத்தம் உறையறது சரியாகற வரைக்கும் தவிர்ப்பாங்க.

கட்டுவிரியன் கதை வேற, பேர்ல விரியன் இருந்தாலும் அதோட விஷம் நரம்பைத்தான் தாக்கும், அதுதான் எனக்கு இன்னும் கவலை. ராத்திரி தூங்கறப்ப கடிக்கும், வலி இருக்காது, தடம் கூட தெரியாது. விடியக்காலையில வயித்துவலி, அப்புறம் கண் இமை தூக்க முடியாம தொங்கும், பேச்சு குழறும், எச்சில் முழுங்க முடியாது. வீட்டுல ஏற்கனவே ஒரு வைரஸ் காய்ச்சல் ஆள் இருந்தா எல்லாரும் என்ன நினைப்பாங்க, காய்ச்சல் அசதின்னுதானே. ஆஸ்பத்திரியில கூட சில சமயம் கில்லன் பாரே, அதாவது வைரஸ் தொற்றுக்கு அப்புறம் நரம்பு செயலிழக்கற நோய்னு நினைக்க வாய்ப்பு இருக்கு. அந்த நோய் நிஜமாவே வைரஸ் பின்னாடி வர்றதுதான், 2013-14-ல பசிபிக் தீவுகளான பிரெஞ்சு பாலினீசியாவுல கொசு பரப்பற ஜிக்கா வைரஸ் பரவினப்ப இது கூடுதலா வந்தத ஆராய்ச்சியில காட்டியிருக்காங்க. ஆனா அது பொதுவா கால்ல ஆரம்பிச்சு மேல ஏறும், நாள் கணக்குல. கட்டுவிரியன் விஷம் இமையில ஆரம்பிச்சு கீழ இறங்கும், மணி கணக்குல. ராத்திரி நல்லா படுத்தவங்க காலையில கண்ணை திறக்க கஷ்டப்பட்டா, கடி தடம் இல்லன்னாலும் "பாம்பா இருக்குமோ"ன்னு வாய் விட்டு கேளுங்க, மூச்சு தசை நிக்கறதுக்குள்ள வென்டிலேட்டர் இருக்கற இடத்துக்கு போய் சேரணும்.

குதிரை விஷயம். ஆமா, குதிரைக்கு கொஞ்சம் கொஞ்சமா விஷம் ஏத்தி, அது ரத்தத்துல உருவாகற எதிர்ப்பொருளத்தான் பிரிச்சு எடுக்கறாங்க. ரத்தத்துல இருந்து வர்ற மருந்துன்னா வைரஸ் பயம் எல்லாருக்கும் வரும், உலக சுகாதார நிறுவனம் 2010-ல போட்ட தயாரிப்பு விதிமுறையிலயே வைரஸ் பாதுகாப்புக்கு தனி பகுதி இருக்கு. குதிரையோட ஆரோக்கியத்தை கண்காணிக்கறது ஒரு பக்கம், தயாரிக்கறப்ப அமிலத்துல பெப்சின்ங்கற என்சைம் வச்சு எதிர்ப்பொருளை வெட்டறது, கேப்ரிலிக் அமிலம் சேர்க்கறது இதெல்லாம் கொழுப்பு உறை இருக்கற வைரஸ்கள செயலிழக்க வச்சுடும். இந்த ஊசியால விலங்கு வைரஸ் மனுஷனுக்கு வந்ததா பதிவே இல்ல. ஊசியில நிஜமா இருக்கற ஆபத்து அலர்ஜி, அதுக்கு ஆஸ்பத்திரியில அலர்ஜிய அடக்கற அட்ரினலின் ஊசிய தயாரா வச்சுட்டுத்தான் போடுவாங்க.

இன்னொண்ணு, ஊசி போட்டு ஒரு ரெண்டு மணி நேரத்துக்குள்ள நடுக்கத்தோட காய்ச்சல் வரலாம், அது தொற்று இல்ல, மருந்துக்கான எதிர்வினை. அதே மாதிரி வீட்டுக்கு வந்து ஒரு வாரம் பக்கத்துல காய்ச்சல், மூட்டுவலி, தோல்ல தடிப்பு வந்தா சிக்குன்குனியான்னு நினைச்சு கடையில மாத்திரை வாங்காதீங்க, குதிரை புரோட்டீனுக்கு உடம்பு தாமதமா காட்டற எதிர்ப்பா இருக்கலாம், சீரம் சிக்னெஸ்னு சொல்வாங்க. பாம்புக்கடி ஊசி போட்டோம்னு டாக்டர்கிட்ட சொன்னா போதும், அதுக்கு தனி மருந்து இருக்கு, கேட்கும்.

பாம்புக்கடியில வைரஸ் உள்ள வர்ற ஒரு வழி இருக்கு, ஆனா அது பாம்பு வழி இல்ல, மனுஷன் வழி. கடிச்ச இடத்தை பிளேடால கீறி வாயால உறிஞ்சறாங்க பாருங்க, அதுல விஷம் பெருசா வெளிய வராது. அதே பிளேடு முன்னாடி வேற யாருக்காவது போட்டதுன்னா ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்ஐவி எல்லாமே சாத்தியம், உறிஞ்சறவர் வாயில புண் இருந்தா அவருக்கும் சேர்த்து. உங்க அம்மாவுக்கு பிளேட்லெட் கம்மியா இருக்கறப்ப கீறினா ரத்தம் நிக்கவும் செய்யாது. கீறாதீங்க, இறுக்கி கட்டாதீங்க, கடிபட்ட கைய கால ஆட்டாம படுக்க வச்சு வண்டியில ஏத்துங்க.

இன்னிக்கு ராத்திரியில இருந்து செய்யக்கூடியது, அம்மாவ தரையில படுக்க விடாம கட்டில்ல படுக்க வச்சு கொசுவலைய மெத்தைக்கு அடியில நல்லா சொருகிடுங்க. நேபாளத்துல நடந்த ஒரு ஆய்வுல, கொசுவலைக்குள்ள தூங்கறவங்கள பாம்பு கடிக்கறது குறைவுன்னு பார்த்துருக்காங்க. டெங்கு கொசு பகல்ல கடிக்கறதால பகல்ல படுக்கறப்பவும் வலை இருக்கட்டும், அம்மாவ கடிச்ச கொசு வீட்டுல இன்னொருத்தர கடிக்காம இருக்கும். பாத்ரூம் போற வழியில லைட் எரியட்டும், காய்ச்சல்ல தலைசுத்தலோட இருட்டுல அவங்களா எழுந்து போகாம யாராவது கூட போங்க.

அந்த பாம்ப தேடி அடிக்கவும் வேணாம். யாரையாவது கடிச்சுட்டா கூட தூரத்துல இருந்து ஒரு போட்டோ எடுக்க முடிஞ்சா எடுங்க, இல்லன்னா விட்டுடுங்க, அறிகுறிய வச்சே டாக்டர் வைத்தியம் ஆரம்பிப்பார். அடிச்ச பாம்ப பையில போட்டு ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போறவங்க இருக்காங்க, வெட்டுப்பட்ட தலை கூட கொஞ்ச நேரத்துக்கு அனிச்சையா கடிக்கும்.