கல்விச் சுற்றுலா வழிகாட்டிகள் எப்படிப்பட்ட பின்னணியிலிருந்து வருகிறார்கள்?

வரலாறோ தொல்லியலோ படித்தவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் என்று பலரும் இந்த வேலைக்கு வருகிறார்கள். ஆனால் என் கண்ணில் தனித்து நிற்பது தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவு. நெல்சன் மண்டேலா தன் 27 ஆண்டுச் சிறைவாசத்தில் 18 ஆண்டுகளைக் கழித்த இடம். கேப் டவுனிலிருந்து படகில் போக வேண்டும். 1997-இல் அது அருங்காட்சியகமானபோது, அங்கே அரசியல் கைதிகளாக இருந்தவர்களே சிறைக்குள் வழிகாட்டிகளானார்கள்.

அங்கே வருபவர்களுக்குக் காட்டப்படும் சாப்பாட்டு அட்டவணையைச் சொல்லியே ஆக வேண்டும். இந்திய, கலப்பினக் கைதிகளுக்கு ரொட்டியும் ஜாமும் உண்டு. கறுப்பினக் கைதிகளுக்கு இரண்டும் கிடையாது. இறைச்சியும் குறைவு. நிறவெறி பற்றிப் பாடப்புத்தகத்தில் எத்தனை பக்கம் படித்தாலும் இப்படி உறைக்காது. அதுவும் அந்தச் சிறையில் அடைபட்டிருந்தவரே பக்கத்தில் நின்று விளக்கும்போது!

அப்புறம் கைதிகள் வேலை செய்த சுண்ணாம்புக் குவாரி. வெள்ளைப் பாறையில் பட்டுத் தெறித்த வெயிலில் பலருக்குக் கண் கெட்டது. அங்கேயும், வேலைக்கு நடுவே, படித்தவர்கள் படிக்காதவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கற்பிக்கும் பழக்கம் அந்தச் சிறையிலேயே வேரூன்றிவிட்டது. அந்தத் தலைமுறைக்கு இப்போது வயதாகிவிட்டது. மாணவர்களை அழைத்துப்போக வாய்ப்பிருக்கும் ஆசிரியர்கள் தள்ளிப்போடாதீர்கள்.